தரை தொடாத காகிதங்கள்

எங்கள் ஸ்டுடியோவில் மேற்பார்வையாளர் துஷ்யந்துக்கு நாற்காலி தனி, ஏசி தனி, காபி தனி. மூளை மட்டும் பொது. யாருடையது கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்.

ஹைதராபாத்தில் மாதாப்பூர் பக்கம், சினிமாவுக்கு வேண்டிய தீ, புகை, வெள்ளம், இடிந்து விழும் கோபுரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கும் இடம் எங்களுடையது. நான் அங்கே பல வருடங்களாகக் குப்பை கொட்டுகிறேன். என் பெயர் கொல்லூரி ஹைமாவதி. எந்தப் படத்திலும் இந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் இடித்த கோட்டைகளையும் நான் மூழ்கடித்த ஊர்களையும் பார்த்திருப்பீர்கள். டைட்டிலில் 'துஷ்யந்த் மற்றும் குழு' என்று வரும். அந்த 'மற்றும் குழு'வில் எங்கேயோ நான் இருக்கிறேன்.

தெனாலியில் இருக்கும் என் அம்மாவுக்கு இது தீராத குறை. படம் வந்த முதல் வாரமே போய் உட்கார்ந்து, டைட்டிலைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் போன் பண்ணுவாள்.

"ஏன்டி, நெஜமாவே அங்க வேலை பாக்குறியா, இல்ல ஊருக்குச் சொல்லிட்டுத் திரியுறியா? நம்ம கோட்டய்யா பையன் ஷூட்டிங்ல லைட்டுதான் தூக்குறான். அவன் பேரு வருது. உன் பேருக்கு என்ன கேடு?"

எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஒரே ஒரு முறை என் பெயர் திரையில் வர வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும். அதற்குமேல் இந்தத் தொழிலிடம் எனக்கு வேறு ஆசை இல்லை.

அப்போதுதான் 'பிரளய ஸ்டார்' ருத்விக்கின் படம் வந்தது. அறிமுகப் பாட்டில் அவர் கோட்டைப் படிகளில் இறங்கி வருவார். சுற்றிலும் ஆட்டக்காரர்கள். வானத்திலிருந்து காகிதம் கொட்டும், ஒவ்வொன்றிலும் ருத்விக்கின் முகம். தியேட்டரில் ரசிகர்கள் காகிதம் கிழித்து வீசுவதற்கு முன்னால் ஆகாயமே வீசிவிட வேண்டுமாம். இயக்குநர் சோமராஜுவின் கற்பனை இது. அவருக்கு இதைவிடப் பெரிய கற்பனை வந்து நான் பார்த்ததில்லை.

வேலை என் கைக்கு வந்தது. காகிதத்தை விழ வைப்பது பெரிய காரியமில்லை. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு காகிதமும் ஒரு புள்ளி. எங்கே போக வேண்டும் என்று அந்தப் புள்ளிக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த வேகத்தில் உருள வேண்டும் என்பது தெரியாது. அதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காவிட்டால் எல்லாக் காகிதமும் செங்கல் மாதிரி ஒரே கோணத்தில் இறங்கும். கண்டபடி சுழற்றிவிட்டாலோ மிக்சியில் போட்ட மாதிரி இருக்கும்.

நான் ஸ்டுடியோ மாடிப்படியின் உச்சியில் நின்று பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்துப் போட்டு, கீழே போனை வைத்துப் படம் பிடித்தேன். வாட்ச்மேன் வந்து கத்தினார். அவரிடமும் இரண்டு காகிதத்தைக் கொடுத்துப் போடச் சொன்னேன். காகிதம் வேகமாக விழும்போது உருளும், வேகம் குறைந்தால் உருளாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், ஓரம் மடங்கியது தனி வழியில் திருகிக்கொண்டு போகும். இதையெல்லாம் ஒவ்வொரு புள்ளிக்கும் அதனதன் அச்சு, அதனதன் வேகம் என்று பிரித்துக் கொடுத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றது. அத்தனை அழகு. முகம் தெரிந்தும் தெரியாமலும் மின்னி மின்னிப் போனது.

துஷ்யந்தே என் தோளைத் தட்டி, "பிச்சுட்ட ஹைமா" என்றார். மறுநாள் இயக்குநர் வந்தார்.

சோமராஜு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்து வாயில் போட்டபடி பார்த்தார். நனைந்த பாதி டீக்குள் விழுந்தது. அதைக் கவனித்த அளவுகூட அவர் பாட்டைக் கவனிக்கவில்லை.

"ஏம்மா, இதுல பாபு மூஞ்சி எங்க?" ருத்விக் அவர் வாயில் எப்போதும் 'பாபு'தான்.

"பேப்பர் சுத்துது சார். சுத்தும்போது ஒரு பக்கம் படம் தெரியும், ஒரு பக்கம் வெள்ளையாத் தெரியும்."

"வெள்ளை எதுக்கு?"

"பேப்பருக்கு ரெண்டு பக்கம் இருக்கு சார்."

"ஊர்ல இருக்குற பேப்பருக்கு இருக்கட்டும். பாபு பேப்பருக்கு எதுக்கு?"

"வேணும்னா ரெண்டு பக்கமும் முகத்தைப் போட்டுடலாம் சார்."

அவர் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லை என்பது நெற்றியிலேயே தெரிந்தது. "சரி, திரும்பும்போது நடுவுல ஒல்லியா ஒரு கோடு மாதிரி ஆகுதே. அந்தக் கோட்டுல பாபு எங்க?"

"எக்ஸாக்ட்லி சார்! நானும் காலையிலேர்ந்து இதைத்தான் இவகிட்டச் சொல்லிட்டு இருக்கேன்" என்றார் துஷ்யந்த்.

"அப்புறம் இன்னொண்ணு. ஒரு பேப்பர்கூடத் தலைகீழா வரக் கூடாது. பாபு மூஞ்சி தலைகீழா விழுந்தா படமே தலைகீழா விழும். சென்டிமென்ட்."

ஆக, முடிவு இது. ஒவ்வொரு காகிதமும் நிமிர்ந்து நிற்க வேண்டும், கேமராவைப் பார்த்தே இருக்க வேண்டும், உருளக் கூடாது. நான் செய்து வைத்திருந்த அத்தனை சுழற்சியையும் ஒரே வரியில் அணைத்தேன். இன்னொரு வரியில் எல்லாப் புள்ளிகளின் முகத்தையும் கேமரா பக்கம் திருப்பினேன். கேமரா ருத்விக்கைச் சுற்றி வர வர, வானம் முழுக்கத் தொங்கிய காகிதங்கள் எல்லாம் கூடவே கழுத்தைத் திருப்பின. பார்க்கச் சகிக்கவில்லை. சோமராஜு கைதட்டினார்.

அதோடு விட்டார்களா? "கொஞ்சம் உயிர் வேணும்" என்று துஷ்யந்த் நான் இல்லாத நேரத்தில் என் கோப்பைத் திறந்து தானே கை வைத்தார். காகிதங்கள் ஆளுக்கொரு விதமாக லேசாகச் சாய வேண்டும், அவ்வளவுதான் அவர் நினைத்தது. நான் ஒவ்வொரு காகிதத்துக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாள எண் கொடுத்திருந்தேன். மறையும்வரை அது மாறாது. அவர் அதை விட்டுவிட்டு வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டார். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவன் போய்விட்டால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் இடம் மாறும் இல்லையா, அதுதான் நடந்தது. ஒரு காகிதம் திரையை விட்டு வெளியேறினால் போதும், மிச்சமுள்ள எல்லாக் காகிதமும் வெடுக்கென்று அடுத்ததன் சாய்வுக்கு மாறியது.

"என்னய்யா இது, எல்லாத் தலையும் ஒண்ணா வெட்டிக்குது? வலிப்பு வந்த மாதிரி?" என்று கேட்டார் சோமராஜு.

துஷ்யந்த் என் பக்கம் திரும்பினார். "ஹைமா, என்ன இது? பாத்துப் பண்ண மாட்டியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு சரி செய்தேன். அடுத்த முறை பார்த்துவிட்டு சோமராஜு, "இப்ப தரையைக் கவனிங்க" என்றார். விழுந்து கிடக்கும் காகிதத்திலும் பாபு முகம் வானத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஒன்றுகூடக் கவிழ்ந்து கிடக்கக் கூடாது.

இயக்குநர் போனபிறகு துஷ்யந்திடம் சொன்னேன். "சார், தரையெல்லாம் முகமா இருந்தா, ஆடுறவங்க அது மேலதானே மிதிப்பாங்க? ஹீரோவே அவர் மூஞ்சியை பூட்ஸ் காலால மிதிச்சுட்டு நடப்பாரு. நம்ம ஊர்ல காகிதத்துல கால் பட்டாலே தொட்டுக் கண்ல ஒத்திக்கிற ஜனம் சார்."

"உனக்குன்னு இப்படி யோசனையெல்லாம் எங்கிருந்துதான் வருதோ! யாரும்மா காலைப் பாப்பாங்க? பாபு ஸ்க்ரீன்ல இருக்கும்போது ஜனங்க பாபு மூஞ்சியைப் பாப்பாங்க. திருப்பச் சொன்னதைத் திருப்பு, போதும்."

திருப்பினேன். அதன்பிறகு அந்தக் காட்சியை யார் யாரோ வந்து பார்த்தார்கள். தயாரிப்பாளர் பார்த்தார், அவர் மச்சான் பார்த்தார், ருத்விக்கின் மேனேஜர் பார்த்தார். ஓர் அறை நிறைய ஆள்கள். ஒருத்தர் கண்ணும் முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

ருத்விக்கின் பிறந்த நாளன்று பாட்டை இணையத்தில் விட்டார்கள். துஷ்யந்த் தன் போட்டோவோடு 'என் ஆத்மாவைக் கொட்டிய காகிதங்கள்' என்று பதிவு போட்டார். காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் எதிர்க்கட்சி ரசிகர்கள், அதாவது இன்னொரு நடிகரின் ரசிகர்கள், பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு படத்தை எடுத்துவிட்டார்கள். ருத்விக்கின் பூட்ஸ், ருத்விக்கின் மூக்கின்மேல். அதற்கு அவர்கள் எழுதியதை நான் இங்கே சொல்ல முடியாது. அடுத்த படம், ஒரு துணை நடனக்காரரின் கால் ருத்விக்கின் வாய்க்குள் இருப்பது மாதிரி. மத்தியானத்துக்குள் அது போகாத போன் இல்லை.

ருத்விக்கின் ரசிகர்கள் எங்கள் ஸ்டுடியோ வாசலுக்கு வந்துவிட்டார்கள். தலைமை யாதகிரி. தில்சுக்நகரில் மொபைல் கடை வைத்திருப்பவர், நகர ரசிகர் மன்றத் தலைவர். கை நிறையப் பால் பாக்கெட்.

"எந்தக் கம்ப்யூட்டர் எங்க அண்ணனை மிதிச்சுதோ, அதுக்குப் பாலாபிஷேகம் பண்ணணும்! தோஷம் கழியணும்!" என்றார் அவர்.

கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஆள் இரு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு, "பாலை ஊத்தினா எல்லாம் போயிடும்யா, வேணும்னா என் தலையில ஊத்துங்க!" என்று கெஞ்சினான். ஊற்றினார்கள்.

டிவி வண்டிகளும் வந்து சேர்ந்தன. வாசலில் மைக் காடு. துஷ்யந்த் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றார். காலையில் ஆத்மாவைக் கொட்டியவர் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நான் மேற்பார்வை மட்டும்தாங்க. பேப்பரை ஒண்ணொண்ணா மூஞ்சி மேல வர்ற மாதிரித் திருப்பினது எங்க டீம்ல ஒரு பொண்ணு. கொல்லூரி ஹைமாவதின்னு பேரு. கொல்லூரி ஹைமாவதி. பல வருஷமா இருக்காங்க, திறமைசாலிதான். ஆனா ரசிகர்கள் மனசு அவங்களுக்குப் புரியல."

உள்ளே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்கு என் குடும்பப் பெயர்வரை தெரிந்திருக்கிறது! இத்தனை வருடமும் தெரிந்தேதான் விழுங்கியிருக்கிறார். போன் அடித்தது.

"ஏய் ஹைமா! டிவில உன் பேரு வருதுடி! கீழ ஓடிக்கிட்டே இருக்கு! ஆனா ஏன் எல்லாரும் திட்டுறாங்க?"

"அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டேன். இருட்டிய பிறகு கம்பெனி முதலாளி பாபூராவ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மன்னிப்புக் கேட்கத்தான் சொல்வார், வேலையை விட்டெறிந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன்.

அவர் அறையில் துஷ்யந்தும், சமாதானம் பேச உட்கார வைத்திருந்த யாதகிரியும் இருந்தார்கள். துஷ்யந்த் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் திரை போட்டிருந்தது.

"அம்மா ஹைமா, பாட்டை மாத்தி ஏத்தணும். படத்துலயும் அதுதான் போகப் போவுது. பாபு கால் எந்தப் பேப்பர்லயும் படக் கூடாது" என்றார் பாபூராவ்.

"துஷ்யந்த் சார் பண்ணட்டுமே."

"அவரு பண்ணிப் பாத்தாரும்மா." பாபூராவ் பெருமூச்சு விட்டார். "எல்லாப் பேப்பரும் தலைகீழாப் போச்சு. பாபுவும் சேர்ந்து."

"அப்ப பேப்பரை இயல்பாச் சுத்த விடுங்க சார். வேகமாச் சுத்தினா முகமே தெரியாது, யாரையும் மிதிச்ச மாதிரியும் இருக்காது. பழசு என்கிட்ட இருக்கு."

போட்டுக் காட்டினேன். காகிதங்கள் உருண்டும் ஆடியும் திருகியும் விழுந்தன. யாதகிரி நாற்காலி நுனிக்கு வந்து உற்றுப் பார்த்தார். ஒரு நிமிஷம் எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

"இது சாதாப் பேப்பர் மாதிரி இருக்கு மேடம்" என்றார் யாதகிரி. "அண்ணன் எங்க?"

அப்படியானால் ஒரே வழிதான். காகிதம் தரைக்கே வரக் கூடாது. முழங்கால் உயரத்தில் நின்றுவிட வேண்டும். முகம் கேமராவைப் பார்த்தபடி. கால் பக்கத்தில் வந்தால் தானாக ஒதுங்கி வழிவிட வேண்டும். இதைவிடக் கேவலமான காட்சியை யாராலும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"பண்றேன். என் பேரு படத்துல வரணும். 'மற்றும் குழு' இல்ல. முழுப் பேரும், தனியா" என்றேன்.

"இவ்ளோதானா?" என்றார் பாபூராவ். சம்பளத்தைப் பற்றி ஏதாவது கேட்பேன் என்று பயந்திருப்பார் போல. "போட்டாப் போச்சு!"

இவ்வளவு லேசான காரியமா என்று நினைத்தபோது முன்னைவிடக் கோபம் வந்தது. வேண்டாமென்று யாரும் என் பெயரைத் தடுத்து வைத்திருக்கவில்லை. போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

யாதகிரி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்காலைச் சொறிந்துகொண்டே ஒவ்வொரு காகிதமாகப் பார்த்துச் சம்மதம் சொன்னார். "மேடம், அந்தா அந்த மூலையில ஒண்ணு, அண்ணன் ஷூ லேஸ்கிட்ட வருது. தள்ளுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங்! இப்பத்தான் மரியாதையா இருக்கு." துஷ்யந்த் மிர்ச்சி பஜ்ஜி வாங்கி வந்து அவருக்கு நீட்டினார். எனக்கு நீட்டவில்லை.

புதிய பாட்டு வந்தது. 'காகிதம்கூட எங்கள் அண்ணன் காலடியில் விழத் தகுதியில்லை என்று நடுங்கி நிற்கிறது' என்று ரசிகர்கள் எழுதினார்கள். கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். படத்தின் அறிமுக விழாவில் சோமராஜு யாதகிரியை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். துஷ்யந்துக்கும் ஒரு சால்வை.

படம் வெளியான அன்று அம்மா தெனாலியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கண்ணாடியை இரண்டு முறை துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் டைட்டில் ஓடியது. துஷ்யந்துக்குத் தனி அட்டை. என் பெயரைக் காணோம்.

"கடைசில வரும்மா. பாபூராவ் சார் சொல்லியிருக்காரு."

அம்மா முழுப் படத்தையும் பொறுத்துக்கொண்டாள். அதற்கே அவளுக்கு ஒரு சால்வை போடலாம். கடைசிச் சண்டை முடிந்ததும் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். விளக்கு எரிந்தது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வெளியேறியது. பெயர்கள் ஏறத் தொடங்கிய அந்தக் கணமே திரை வெறுமையாகிவிட்டது.

"எங்கடி?" என்றாள் அம்மா.

மாடிக்கு ஓடினேன். ஆபரேட்டர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, பேரு வரும்போது ஏன் நிறுத்தினீங்க?"

"கடைசில வர்ற பேரையெல்லாம் யாரும்மா பாக்குறாங்க? அடுத்த ஷோவுக்குப் பெருக்கணும்."

"நான் பாக்குறேன். எங்கம்மா பாக்குறாங்க. அவங்க பாக்காம இங்கிருந்து நகர மாட்டோம். பெருக்குறவங்க எங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பெருக்கட்டும்!"

நான் கத்தின கத்தலில் அவர் டப்பாவை மூடினார். "போங்கம்மா, போடுறேன். சாப்பிட விட மாட்டீங்களே."

கீழே ஓடி வந்து அம்மா பக்கத்தில் நின்றேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் திரை வெளிறித் தெரிந்தது. பெருக்குகிற பெண்கள் விளக்குமாற்றோடு நின்று என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பெயர்கள் ஏறின. கேரவன் ஓட்டியவர்கள், விக் வைத்தவர், ஜெனரேட்டர் வண்டிக்காரர், பாம்பு கொண்டுவந்தவர். எல்லாருக்கும் பிறகு, தனியாக ஒரே வரி: காகிதங்கள் - கொல்லூரி ஹைமாவதி.

அம்மா வாய்விட்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள். கண் கலங்கிவிட்டது. என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கினாள். "கொல்லூரி ஹைமாவதி! என் தங்கம்! நம்ம குடும்பப் பேரோட வந்திருக்குடி!"

பெருக்குகிற பெண்களைப் பார்த்து, "இவதான், என் பொண்ணு" என்றாள். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்த வரியைப் பார்த்தாள்.

"காகிதங்கள்னா எதுடி? அந்த மொதப் பாட்டுல, கீழயும் விழாம மேலயும் போவாம, மொழங்கால்கிட்ட நின்னு எல்லாரையும் மொறைச்சுக்கிட்டே இருந்துச்சே, அந்தக் கண்றாவியா?"

விளக்குமாற்றுக்காரி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"சேச்சே, அது நான் இல்லம்மா. அது வேற யாரோ" என்றேன். திரையில் என் பெயர் இன்னும் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது.